கிண்ணம் போதும், புல்லுக்கு வழி சொல்லுங்கள்: புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளுக்கு,

வணக்கம்.

லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், ஒஸ்லோ என்று எங்கெங்கோ இருந்துகொண்டு எங்கள் கழகங்களுக்கு வருடாவருடம் காசு அனுப்புகிற ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதை எழுதுகிறோம். நாங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்குகிறவர்கள். சிலர் விசில் பிடிக்கிறவர்கள்.

உங்கள் வட்ஸ்அப் குழுமங்களில் செனகல் நாட்டு உதைபந்து வீரர் சாடியோ மானேயின் ஒரு படம் ஓயாமல் சுற்றும். கண்ணாடி வெடித்த கைபேசியோடு நடந்து வருவார். பத்து ஃபெராரி வாங்கி என்ன செய்யிறது என்று அவர் கேட்டதையும் கீழே போட்டிருப்பார்கள். அதற்கும் கீழே யாராவது ஒருவர், "எங்கட ஊருக்கும் இப்பிடி ஒருத்தன் வரவேணும்" என்று எழுதியிருப்பார். அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால் அப்படி ஒருவன் எப்படி வந்தான், வந்தபின் ஊருக்கு எதை எந்த முறையில் செய்தான் என்று பார்த்தால், உங்கள் காசு இப்போது போகிற இடம் சரியில்லை என்பது விளங்கும்.

மானே பிறந்தது 1992 ஏப்ரல் 10. ஊர் பம்பாலி, செனகலின் தெற்கே கசமான்ஸ் பகுதியில். 1982இல் தொடங்கிய பிரிவினைப் போர் அந்தப் பகுதியைப் பல காலம் அலைக்கழித்தது. தலைநகர் டக்காருக்கும் அந்தப் பகுதிக்கும் நடுவே காம்பியா என்ற இன்னொரு நாடு கிடக்கிறது. நெல்லும் கச்சானும் விளைகிற மண். தகப்பன் நோயில் விழுந்தபோது ஊரில் மருத்துவமனை இல்லை. அவர் இறந்தபோது மகனுக்கு வயது ஏழு. இதில் எதுவும் வன்னிக்கு விளங்காத சங்கதி அல்ல.

பதின்ம வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் டக்காருக்கு ஓடிப்போனார். பிறகு முறையாகப் போய், கிழிந்த சப்பாத்தோடு தெரிவுக்கு நின்றார் என்பது எல்லோரும் சொல்கிற கதை. கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி வேறு. அவர் போய்ச் சேர்ந்த ஜெனராசியோன் ஃபூட் பயிற்சியகம் 2000இலேயே தொடங்கியது. 2003 முதல் பிரான்சின் மெட்ஸ் கழகத்தோடு அதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. மானே கதவைத் தட்டியபோது உள்ளே மைதானமும் முழுநேரப் பயிற்றுவிப்பாளர்களும் ஐரோப்பாவுக்கு ஒரு வழியும் ஏற்கெனவே இருந்தன. அதே வாசலால்தான் டியாஃப்ரா சாக்கோவும் இஸ்மாயிலா சாரும் பாப் மட்டார் சாரும் போனார்கள். ஒருவன் போனால் அதிர்ஷ்டம் எனலாம். நாலு பேர் போனால் அங்கே ஒரு பாதை இருக்கிறது.

மெட்ஸுக்குப் போனபோது கவட்டுப் பகுதியில் காயம் இருந்தது. அதை அவர் மறைத்தார். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். 2012 தைமாதம் முதல் ஆட்டம், அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக், ஓகஸ்டில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் கழகம். 2014இல் இங்கிலாந்தின் சவுதாம்டன். அங்கே 2015 மே 16 அன்று அஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2 நிமிடம் 56 விநாடியில் மூன்று கோல். இன்றும் பிரீமியர் லீக்கில் அதுவே வேகமான ஹட்ரிக். 2016இல் லிவர்பூல், ஆறு பருவங்களில் 269 ஆட்டம், 120 கோல். 2019இல் சம்பியன்ஸ் லீக், 2020இல் பிரீமியர் லீக். 2019 இறுதியாட்டத்தில் முதல் நிமிடத்திலேயே கிடைத்த பெனால்டி, அவர் போட்ட பந்து எதிராளியின் கையில் பட்டதால் வந்தது. 2022இல் ஜெர்மனியின் பயேர்ண் மியூனிக், 2023இல் சவூதியின் அல் நாசர்.

இனி ஊருக்குச் செய்ததைப் பாருங்கள். 2018 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்துக்கு முன்னர் அவரும் ஊருக்கு 300 ஜேர்சி அனுப்பினார். ஆகவே ஜேர்சி அனுப்புவது பாவம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் ஜேர்சியோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டக் காசு கொடுத்தார். 2021இல் மருத்துவமனை திறந்தது. மகப்பேறும் பல் மருத்துவமும் உள்ள மருத்துவமனை, சுற்றியுள்ள கிராமங்களுக்கும் சேர்த்து. அந்த வேலைக்காக அப்போது செனகல் ஜனாதிபதியாக இருந்த மக்கி சால் என்பவரையும் நேரில் சந்தித்துப் பேசினார். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சந்திப்புத்தான். கட்டடத்தைத் தனி ஒருவர் கட்டிவிடலாம். தாதிக்கும் மருத்துவருக்கும் மாதாமாதம் சம்பளம் கொடுக்க அரசு வேண்டும். பெயர்ப்பலகையில் கொடையாளர் பெயர் மின்ன, கதவில் ஆமைப்பூட்டுத் தொங்குகிற கட்டடங்கள் வன்னியில் எத்தனை என்று உங்களுக்கு விடுமுறையில் வரும்போதே தெரியும். 2022இல், உலகின் சிறந்த வீரருக்கு விருது கொடுக்கிற பலோன் டோர் விழாவில் சமூகப் பணிக்கான சோக்ரட்டீஸ் விருதை முதன்முறையாக அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் காசுக்கு வருவோம். பெரும்பாலும் அது ஒரு "மாபெரும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி"க்குப் போகிறது. 32 அணி, தோற்றால் வெளியே. மொத்தம் 31 ஆட்டம். அதில் 16 அணிகள் ஒரேயொரு ஆட்டம், இருபதும் இருபதும் நாற்பது நிமிடம், அதோடு வருடம் முடிந்தது. அணிக்கு எத்தனை மாதப் பயிற்சி, எத்தனை பேரின் பஸ் காசு, எல்லாம் நாற்பது நிமிடத்துக்கு. கிண்ணத்தைப் பிடிக்கவேண்டும் என்பதற்காகக் கழகங்கள் வேறு மாவட்டத்திலிருந்து ஆள் இறக்கும். ஊர்ப் பெடியன் ஓரத்தில் இருந்து தண்ணிப் போத்தல் தூக்குவான். அதே 31 ஆட்டத்துக்குப் பதிலாக 8 அணிகள் ஒன்றோடொன்று மோதினால் 28 ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் ஏழு. தோற்றவன் அடுத்த கிழமை திருத்திக்கொண்டு வருவான். அவனுக்கு எது பிழைத்தது என்று பயிற்றுவிப்பாளருக்கும் தெரியும். 32 அணிக்கும் இப்படிச் செய்தால் எட்டெட்டாக நாலு பிரிவு, 112 ஆட்டம் வரும், செலவு கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். ஆனால் மேடை, பந்தல், ஒலிபெருக்கி, வெடி, பொன்னாடை, விருந்தினர் சாப்பாடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மத்தியஸ்தர் ஒருவர், கோட்டு மத்தியஸ்தர் இருவர், முதலுதவிக்கு ஒருவர், பந்து இரண்டு: ஒரு லீக் ஆட்டத்துக்கு இவ்வளவுதான் கட்டாயச் செலவு. மிச்சம் பயணக் காசு. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு வீதி 50 கிலோமீற்றருக்கு மேல்; பின்னேர ஆட்டம் முடிந்து திரும்பக் கடைசி பஸ் போய்விடும். ஆகவே முதலில் ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் எட்டு அணியைச் சேர்ப்பது நல்லது. வாடகை வான் இல்லாமல் சைக்கிளில் போய்வரலாம். வயது 16க்கு உட்பட்ட பிரிவில் இருந்து தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோடு பதிவு செய்த 20 பேரைத் தவிர வேறு எவரும் இறங்கக்கூடாது என்று காசு கொடுக்கும்போதே எழுதிக் கேளுங்கள். காசு கொடுக்கிறவர் சொன்னால்தான் இது நடக்கும். நாங்கள் சொன்னால் சண்டை வரும்.

ஒலிபெருக்கி பற்றி ஒரு வார்த்தை. 2022 பெப்ரவரி 6 அன்று ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டத்தில் மானே 7ஆவது நிமிடப் பெனால்டியைத் தவறவிட்டார். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்து பெனால்டிக்குப் போனபோது, கடைசி உதையை அவரே அடித்து செனகலுக்கு அந்தக் கிண்ணத்தை முதன்முதலாக எடுத்துக் கொடுத்தார். எங்கள் மைதானத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை பெனால்டியை வெளியே அடித்தால் அவன் பெயரைச் சொல்லி அறிவிப்பாளர் பகிடி பண்ணுவார். அந்தப் பிள்ளை இரண்டாவது முறை அடிக்க முன்வரமாட்டான்.

மைதானத்துக்கு வருவோம். எங்களுக்கு மிகவும் வயிறெரிகிற இடம் இது. பெக்கோ ஒன்றை இறக்கி, மேடு பள்ளத்தைச் சுரண்டி, தண்ணி மட்டம் பிடித்து, மேலே கிறவல் பரப்பி உருட்டிவிட்டு "மைதானம் புனரமைக்கப்பட்டது" என்று பலகை நடுகிறார்கள். இதில் மூன்று பிழை. மேல் மண்ணில் முதல் 15 சென்ரிமீற்றர்தான் புல்லுக்குச் சோறு. அதைச் சுரண்டி ஓரத்தில் தள்ளினால் கீழே கிடக்கிற களியில் எதுவும் பிடிக்காது. தட்டையான மைதானம் கார்த்திகையில் குளமாகும். தை பிறக்கும்வரை காயாது. கிறவலில் விழுந்தால் முழங்கால் தோல் உரியும். அதற்குப் பயந்து பிள்ளைகள் சறுக்கிப் பந்து எடுக்கவோ கோல் காப்பாளர் பாயவோ பழகமாட்டார்கள்.

சரியான முறை இது. நீளம் 105 மீற்றர், அகலம் 68 மீற்றர் என்று சர்வதேச அளவுக்கு ஆசைப்படாதீர்கள். விதிப்படி நீளம் 90, அகலம் 45 இருந்தாலே போதும். 90க்கு 55 நல்ல அளவு. மேல்மண்ணை முதலில் வழித்து ஒரு பக்கம் குவிக்கவேண்டும். நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சாய்கிறமாதிரி, அரை வீத வாட்டம் கொடுத்தால் நடுக்கோடு ஓரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் உயரும். இந்த அளவு மைதானத்துக்கு அதற்கு வேண்டிய மண் 340 கனமீற்றர், எங்கள் கணக்கில் 120 கியூப். உருட்டி இறுக்கினால் குறையும் என்பதால் ஐந்திலொரு பங்கு கூட்டிச் சொல்லுங்கள். மூன்று கியூப் டிப்பருக்கு ஐம்பது லோட்டுக்குக் கிட்ட. இதே வேலையை 105க்கு 68இல் ஒரு வீத வாட்டத்தில் செய்யப் போனால் 430 கியூப் வரும். ஆசை எவ்வளவு செலவு என்பது இதில் தெரியும். நிலம் இயல்பாகவே ஒரு பக்கம் சாய்ந்தால் அதை நிமிர்த்தாதீர்கள். அந்தச் சாய்வையே சீராக்கி, தாழ்ந்த பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினால் மண் கொண்டுவரும் செலவில் பாதிக்கு மேல் மிஞ்சும். பிறகுதான் குவித்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்புவது.

பெக்கோ இறங்குமுன் இரண்டு கடதாசி வேண்டும். ஒன்று காணிக் கடதாசி: பாடசாலைக் காணியா, பிரதேச சபைக் காணியா, கோயில் காணியா, வனத்துக்குள் வருகிறதா என்று எழுத்தில். மற்றது கண்ணிவெடி. அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முழுதாக முடியவில்லை. முடிந்த இடத்திலும் குறிப்பிட்ட ஆழம் வரைதான் தேடியிருப்பார்கள். வாய்க்காலும் கோல் கம்பக் குழியும் அதற்குக் கீழே போகும் என்றால் மாவட்டச் செயலகம் ஊடாகக் கேட்டு உறுதிப்படுத்தாமல் ஒரு வாளி மண்ணும் கிளறக்கூடாது.

புல்லுக்கு வெளிநாட்டு விதை அனுப்பவேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்துகிற அறுகைத்தான் வெப்ப நாடுகளில் விளையாட்டு மைதானத்துக்கு நடுகிறார்கள். அதன் கலப்பு வகைகள்தான் பெரிய அரங்குகளில் கிடப்பவையும். மழைக்காலத்தில் வயல் வரம்பில் பிடுங்கி, இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளாக்கி, ஓர் அடிக்கு ஒரு வரிசை, அரை அடிக்கு ஒரு துண்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போக நடவேண்டும். நேரம் புரட்டாதிக் கடைசி, முதல் மழை விழுந்தவுடன். கார்த்திகை அடைமழையில் நட்டால் அள்ளிக்கொண்டு போகும். பங்குனியில் நட்டால் கருகும். பிடித்து மூட இரண்டரை மூன்று மாதம். அதுவரை பிள்ளைகள் எங்கே விளையாடுவது? ஆகவே பாதி மைதானத்தை இந்த வருடம், மற்றப் பாதியை அடுத்த வருடம். மிச்சப் பாதியில் குறுக்கே சின்னக் கம்பம் வைத்து ஏழு பேர் ஆட்டம் ஆடலாம். மாட்டெரு போடலாம், ஆனால் நன்றாக உக்கியது. பச்சை எருவோடு நெருஞ்சி விதை வரும். பிறகு காலும் போச்சு, பந்தும் போச்சு.

தண்ணீர்க் கணக்கு பலரைப் பயப்படுத்தும். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால் முழு மைதானத்துக்கும் கிட்டத்தட்ட 25,000 லீற்றர். முடியாது. ஆனால் முழுவதற்கும் தேவையில்லை. அறுகு வெயிலில் காய்ந்து வைக்கோல் நிறமாகும், வேர் சாகாது, மழைக்குத் திரும்பும். தேய்வது இரண்டு பெனால்டிப் பெட்டியும் நடுவட்டமும்தான்; அவற்றுக்கு மட்டும் என்றால் 8,000 லீற்றர். அதையும் நாளாந்தம் தெளிக்காமல் மூன்று நாளுக்கொருமுறை மூன்று மடங்காக ஊறவிட்டால் வேர் கீழே இறங்கும். ஒரு குழாய்க்கிணறு, இரண்டு அங்குல மோட்டர், மீற்றர் கணக்கில் ஹோஸ். கிணறு அடிக்குமுன் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் உப்பைச் சோதியுங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் இது கட்டாயம். அறுகு ஓரளவு உப்புத் தாங்கும், பிள்ளைகள் குடிக்க அது உதவாது.

வேலி இல்லாவிட்டால் இவ்வளவும் வீண். கட்டாக்காலி மாடு ஒரு ஈர இரவில் நடந்துபோனால் ஒவ்வொரு குளம்படியும் ஒரு கணுக்கால் சுளுக்கு. சுற்றிவர மூன்று மீற்றர் இடைவெளி விட்டால் வேலி 314 மீற்றர். மூன்று மீற்றருக்கு ஒன்றாக 105 கொங்கிறீட் தூண். ஐந்து வரி கம்பிக்கு 1,570 மீற்றர், கட்டுவதற்குச் சேர்த்து 1,650 வாங்குங்கள். முட்கம்பி என்றால் தூணின் வெளிப்பக்கம் அடியுங்கள். கோட்டுக்குக் கிட்ட ஓடுகிற பிள்ளை நிற்கமுடியாமல் அதில்தான் போய் விழும்.

கோல் கம்பம். உள் அளவு அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44. தடிப்பு 12 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. 4 அங்குல ஜீஐ குழாயின் வெளிவிட்டம் 11.4, ஆகவே சரியாகப் பொருந்தும். குழாய் 6 மீற்றர் நீளத்தில்தான் வரும் என்பதால் குறுக்குக் கம்பத்தில் ஒரு ஒட்டு வரும். ஒட்டுக்காரர் வசதிக்காக நடுவில் ஒட்டுவார். இரண்டு வருடத்தில் நடு தொய்ந்து வில்லாகும். ஒட்டு ஒரு பக்கமாக வரட்டும், உள்ளே ஓரடிச் சின்னக் குழாய் செருகி ஒட்டட்டும். நிலத்துக்குள் 75 சென்ரிமீற்றர் கொங்கிறீட். சின்னப் பிள்ளைகளுக்கான தூக்கி வைக்கிற கம்பங்களில்தான் உயிராபத்து: பிள்ளை தொங்க, முன்பக்கம் கவிழ்ந்து தலையில் விழும். உலகம் முழுக்க இப்படிப் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். பின் சட்டத்தை ஆப்படித்தோ மண்மூட்டை வைத்தோ கட்டாமல் ஒரு நாளும் விடக்கூடாது. விளையாடி முடிந்ததும் முகம் குப்புறப் படுக்கவைத்துச் சங்கிலி போடவேண்டும்.

கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள் போடுகிற பழக்கத்தையும் விடவேண்டும். கோல் காப்பாளர் பாய்ந்து விழும்போது கண்ணுக்குள் போனால் கண்ணை எரித்துவிடும். வெள்ளை எமல்ஷன் பெயின்றைத் தண்ணீரில் கரைத்து உருளையால் இழுத்தால் மழை இல்லாத காலத்தில் இரண்டு மூன்று கிழமை நிற்கும்.

பந்து. நீங்கள் அனுப்புவது எப்போதும் 5ஆம் இலக்கம்: சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். பத்துப் பன்னிரண்டு வயதுக் காலுக்கு அது பாரம். பாரத்துக்காகப் பிள்ளை பெருவிரலால் குத்தப் பழகும். அந்தப் பழக்கத்தைப் பதினாறு வயதில் மாற்றவே முடியாது. அவர்களுக்கு 4ஆம் இலக்கம், 350 முதல் 390 கிராம். 24 பிள்ளைக்கு 12 பந்து, இரண்டு பேருக்கு ஒன்று. ஒரே பந்தை 22 பேர் துரத்தினால் பாதிப் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம்தான் பழகுவார்கள். சைக்கிள் பம்பில் கண்மட்டத்துக்குக் காற்றடித்து வெயிலில் விட்டால் தையல் விரியும். பந்தில் அச்சடித்த அளவைப் பார்த்து, காற்றழுத்தமானி உள்ள பம்பால் அடிக்கவேண்டும். ஊசியைத் தண்ணீரில் நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். எங்கள் களஞ்சியங்களில் கிடக்கிற செத்த பந்துகளில் பெரும்பங்கு நெருஞ்சியால் அல்ல, உலர்ந்த ஊசியால் செத்தவை.

பயிற்றுவிப்பாளருக்குச் சம்பளம் என்றால் உங்கள் கூட்டங்களில் முகம் சுளிக்கிறார்கள், "ஊருக்குச் செய்யிற சேவைதானே" என்று. கிழமைக்கு மூன்று பின்னேரம், ஒன்றரை மணித்தியாலம், வருடத்துக்கு 40 கிழமை: 180 மணித்தியாலம். ஆட்ட நாட்கள் வேறு. கடலுக்குப் போகிறவரும் வயல் செய்கிறவரும் மேசன் வேலைக்குப் போகிறவரும் அந்த நேரத்தைச் சும்மா கொடுத்தால் ஆறு மாதத்தில் நின்றுவிடுவார்கள்; அவர்கள் நின்றால் பிள்ளைகளும் நிற்பார்கள். மாதாமாதம் கொடுங்கள். முதல் வருடச் சான்றிதழ்ப் பயிற்சிக்கான காசையும், கொழும்புக்குப் போய்வரும் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்பானிய வீரர் யுவான் மாட்டா 2017 ஓகஸ்டில் தன் சம்பளத்தில் 1 வீதத்தைத் தொண்டுப் பணிக்கு ஒதுக்கி மற்ற வீரர்களையும் அழைத்தார். உங்களில் நூறு பேர் தங்கள் வருமானத்தில் அதில் பாதியை நிலையான கட்டளையாக வங்கிக்குக் கொடுத்தால் ஒரு பிரதேசத்துக்கே பயிற்றுவிப்பாளர்கள் கிடைப்பார்கள். ஆவணியில் ஒருமுறை மொத்தமாக வரும் காசு மேடைக்குத்தான் போகும். மாதாமாதம் வரும் சின்னக் காசு சம்பளத்துக்குப் போகும். காசின் குணம் அது.

அடுத்தது பிள்ளைகளின் உடம்பு. மானே காயத்தை மறைத்தார் என்று சொன்னோமே, எங்கள் பிள்ளைகளும் மறைப்பார்கள். இடம் போய்விடும், சப்பாத்து இன்னொருவனுக்குப் போய்விடும் என்ற அதே பயம். ஆகவே காயப்பட்ட பிள்ளையின் இடமும் சப்பாத்தும் அவனுக்கே என்று கழகம் எழுதி வைக்கவேண்டும். பீபா வகுத்த 11+ என்ற உடற்சூட்டுப் பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம்: எட்டு நிமிடம் மெதுவான ஓட்டமும் அசைவும், பத்து நிமிடம் பலமும் சமநிலையும் பாய்ச்சலும், இரண்டு நிமிடம் வேக ஓட்டம். கிழமைக்கு இரண்டு தரமாவது ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருக்கிறது. பெனால்டிப் பெட்டியைச் சுற்றி இரண்டு தரம் ஓடிவிட்டு இறங்குவது உடற்சூடு அல்ல. கணுக்கால் பிரண்டால் உடனே எண்ணெய் போட்டு உருவுவதும் நிற்கவேண்டும். முதல் இரண்டு நாள் ஐஸ், இறுக்கிக் கட்டு, காலை உயர்த்தி வை. முழங்காலில் "டொக்" என்று கேட்டு ஒரு சில மணித்தியாலத்தில் வீங்கினால் அது சுளுக்கல்ல, உள் நாண் அறுந்திருக்கலாம். ஸ்கான், அறுவைச் சிகிச்சை, ஒன்பது மாதம் பிசியோ. இதற்கென்று சங்கத்துக்கு ஒரு தனி நிதி இருக்கட்டும். கிண்ணத்துக்குச் செலவழித்த ஊர், கால் அறுந்த பிள்ளையை அதன் தாயின் தலையில் கட்டிவிடுவது அழகல்ல.

பின்னேரம் நாலு மணிக்கு வருகிற பிள்ளை மத்தியானம் சாப்பிட்டதோடு வருகிறது. சில நாள் அதுவும் இல்லை. 24 பேருக்கு ஒரு கிலோ கடலை அவித்து, ஆளுக்கொரு வாழைப்பழம், 20 லீற்றர் குடிதண்ணீர். கால் மணித்தியாலத்துக்கொரு தரம் குடிக்கவிடவேண்டும். மத்தியானம் 12 மணிக்கு ஆட்டம் வைக்கிறதை, விருந்தினர் எத்தனை மணிக்கு வந்தாலும், நிறுத்தவேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு அணி தொடங்கச் சொல்லிக் காசு வருகிறது, மலசலகூடத்துக்கு வருவதில்லை. பூட்டுப் போடக்கூடிய கதவு, தண்ணீர், உடைமாற்ற ஒரு மறைப்பு, ஒரு பெண் பயிற்றுவிப்பாளர், இருட்டுமுன் ஐந்தரைக்கு முடிகிற பயிற்சி. இவை இருந்தால் தாய்மார் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் இரண்டாம் கிழமையே அணி கரையும்.

ஜேர்சி கொடுத்துப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பதாகை பிடித்துப் படம் எடுத்து முகநூலில் போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறோம். கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் புல்லைப் படம் எடுங்கள், கம்பத்தைப் படம் எடுங்கள், பற்றுச்சீட்டைப் படம் எடுங்கள். பிள்ளையின் வறுமை உங்கள் சங்கத்தின் வருடாந்த அறிக்கைக்கு ஆதாரம் அல்ல.

"லீக்கும் சம்மேளனமும் பார்க்கட்டுமே" என்று சிலர் கேட்கிறார்கள். 2023 ஜனவரி 21 முதல் ஓகஸ்ட் கடைசி வரை இலங்கைச் சம்மேளனத்தையே பீபா இடைநிறுத்தி வைத்திருந்தது. மேலே இருப்பவர்கள் தங்கள் வழக்கை முடிக்கும்வரை பன்னிரண்டு வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே காத்திருக்காது.

எல்லா ஊருக்கும் ஒரே வருடத்தில் கேட்கவில்லை. ஒரு சங்கம், ஒரு மைதானம், எட்டு அணி, மூன்று வருட உறுதி. வங்கிக் கணக்குக்கு மூன்று கையெழுத்து: கழகத்தில் ஒருவர், பாடசாலையில் ஒருவர், பெற்றோரில் ஒருவர். மண் வேலை ஆடியிலும் ஆவணியிலும் மட்டுமே நடக்கும், காணிக் கடதாசிக்கும் கண்ணிவெடிக் கடதாசிக்கும் இரண்டு மாதமாவது பிடிக்கும். ஆகவே உங்கள் முடிவு சித்திரைக்குள் எங்களுக்குத் தெரியவேண்டும். பிந்தினால் அந்த வருட மழை தவறிவிடும்; பிறகு அடுத்த புரட்டாதிக்குத்தான் அறுகு நடலாம்.

இப்படிக்கு,
வன்னியில் உதைபந்தாட்டம் பழக்குகிறவர்களும் மத்தியஸ்தர்களும்